நிழலில் காய்ந்த வடகம்

சொரிமுத்தோட நிழல் செம்பாப் போன அன்னைக்கு பாலத்தடி ஊர்ல குழாய்த்தண்ணி வர்ற நாள். அவன் வாசப்படிய விட்டு எறங்கித் தெருவுல கால வச்சதும் அவனுக்குப் பின்னால எதுவோ ணங்குனு விழுந்த சத்தம் கேட்டு, குழாயடியில நின்ன பொம்பளைங்க அத்தனை பேரும் அவங்கவங்க குடத்தத்தான் திரும்பிப் பாத்தாங்க. குடமெல்லாம் இருந்த எடத்துல இருந்துச்சு. சொரிமுத்து இன்னொரு எட்டு வச்சான், பின்னாலயே கரகரன்னு ஒரு இழுவைச் சத்தம் வந்துச்சு. அப்பத்தான் எல்லாரும் தரையப் பாத்தாங்க. புதுசா அடிச்சு எடுத்த தகடு மாதிரி, செக்கச்செவேல்னு, தலை தோளு கையி காலோட ஒரு செம்பு நிழல் அவன் பாதத்துல ஒட்டிக்கிட்டு காலை வெயில்ல பளபளன்னு கெடந்துச்சு.

யாரும் கத்தல. யாரும் மயங்கி விழல. எதுத்த வீட்டு வள்ளிமயில் மட்டும் குடத்த இடுப்புல ஏத்திக்கிட்டே சொன்னா: "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டாம் பாரு."

அதோட அந்த விசயம் முடிஞ்சு போச்சு, ஏன்னா பாலத்தடியில சொரிமுத்துக்கு எது நடந்தாலும் அதுக்குக் காரணம் ஒண்ணுதான்.

இத்தனைக்கும் அந்தப் பய பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு வாயில வச்சதில்ல. அவன் தொழிலு வாயி. செபஸ்தியான் ஆட்டோவ ஓட்ட, பின் சீட்டுல மைக்கப் புடிச்சுக்கிட்டு இவன் உக்காந்து பேசுவான். ஜவுளிக்கடைத் தள்ளுபடியா, காணாமப் போன ஆட்டுக்குட்டியா, கோயில் கொடைக்கு வரி கட்டணுமா, யாராவது மண்டையப் போட்டாங்களா, ஊருக்கு எது தெரியணும்னாலும் அது சொரிமுத்து தொண்டையில ஏறித்தான் தெருவுல எறங்கணும். துக்கத்தச் சொல்லும்போது அவன் குரல் அப்பிடியே ஒரு படி கீழ போகும். செத்தவன அதுவரைக்கும் ஏசிக்கிட்டு இருந்தவங்கூட தோள்துண்ட எடுத்து மூக்கச் சிந்துவான். அப்பேர்ப்பட்ட நாக்கு, ஒரு வருசம் ஆடி மாசத்துல தடிச்சுப் போச்சு. ஆடித் தள்ளுபடின்னு சொல்லப் போனா "ஆழித் தழ்ழுபழி"ன்னு வந்துச்சு. கையில மைக்கு கிடுகிடுன்னு ஆடுச்சு, கடைவாயில எச்சி ஒழுகுச்சு, கண்ணு மஞ்சப் பூத்துச்சு. ஊரு பாத்துச்சு, கேட்டுச்சு, அன்னைக்கே தீர்ப்பு சொல்லிருச்சு.

"அண்ணன் போன வழியிலயே தம்பியும் போறாம்."

அண்ணன்னா மந்திரமூர்த்தி. எட்டு வருசத்துக்கு முந்தி இதே மாதிரி மஞ்சக் கண்ணும் ஆட்டமுமா கெடந்து செத்தவன். அவனும் நான் குடிக்கலன்னு தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்ணினவன்தான். ஆனா குடிகாரன் பண்ணாத சத்தியமா? சொரிமுத்தே அண்ணங்கிட்டப் பேச்ச நிறுத்திட்டான். கடைசி நாளெல்லாம் மந்திரமூர்த்தி பின்கட்டு அறையில செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டான், படுத்தவன் படுத்தவந்தான். அந்தச் செவுத்துல அப்புறம் ஒரு பச்சைக் கறை ஊறுச்சு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பாங்க, தை முடியறதுக்குள்ள கறை எட்டிப் பாக்கும். ஈரம்னு சொல்லி அவங்கம்மா ஆவுடையம்மா அதுமேல ஒரு பெரிய காலண்டர மாட்டி வச்சிருந்தா.

சொரிமுத்த டாக்டர்ட்ட காட்டாம இல்ல. மார்க்கெட்டு முக்குல இருக்க டாக்டரு, வாய ஊதச் சொன்னாரு. ஊதினான். ஏலக்கா வாசம் குப்புன்னு அடிச்சுச்சு. தொண்டைக்கு நல்லதுன்னு மைக்கு புடிக்கிறவன் ஏலக்காய மெல்லறது அவன் தொழில் வழக்கம். டாக்டரு நாக்காலியில சாஞ்சு, அடேயப்பா என்னையா ஏய்க்கப் பாக்குறேங்கிற மாதிரி சிரிச்சாரு.

"நாத்தத்த மறைக்க ஏலக்காயா?"

"இல்ழ சார், தொழ்ழைக்கி..."

"நீ பேசுறதே சொல்லுதேப்பா. ஈரல் வீங்கியிருக்கு. குடிய நிறுத்து, இல்ல ஆள நிறுத்திரும்."

அப்பிடித்தான் குடிய மறக்கடிக்கிற விடுதிக்குப் போனான் சொரிமுத்து. குடிக்காதவன் எதைப் போய் மறப்பான்? அங்க ஒரு வழக்கம், சாயங்காலம் வட்டமா உக்காந்து ஒவ்வொருத்தனும் எந்திரிச்சு தான் எப்பிடிக் குடிகாரன் ஆனேன்னு சொல்லணும், சொன்னாத்தான் கொணமாகத் தொடங்கிட்டான்னு அர்த்தம். இவன் முறை வரும்போதெல்லாம் நான் குடிக்கலன்னான். ஐயோ பாவம், நோயி முத்திருச்சுன்னு மத்தவனெல்லாம் உச்சுக்கொட்டினான். கடைசியில ஒரு நாளு தாங்க முடியாம எந்திரிச்சான், பக்கத்துக் கட்டில்காரன் சொன்ன காதல் தோல்விய எடுத்தான், எதுத்த கட்டில்காரன் சொன்ன பாகப்பிரிவினைய எடுத்தான், ரெண்டயும் ஒட்டினான், குரல அந்தத் துக்க அறிவிப்புப் படிக்கு எறக்கினான், இல்லாத ஒரு பாட்டிலத் தொறந்து இல்லாத ஒரு கிளாசுல ஊத்தினான். குழறின நாக்குதான், ஆனா நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்துறது தப்பல. எல்லாரும் எந்திரிச்சு நின்னு கைதட்டினாங்க. ஒருத்தன் கட்டிப் புடிச்சு அழுதான். நாக்கு தடிச்ச நாள்லேர்ந்து அவன் பேச்ச ஒருத்தர் நம்பினது அன்னைக்குத்தான். அதுவும் பொய்யி.

கொணமாயிட்டான்னு வீட்டுக்கு அனுப்புனாங்க. ஆவுடையம்மா மகன் உடம்பத் தேத்தணும்னு செப்புக் குடத்துல ராத்திரி ஊத்தி வச்ச தண்ணியக் காலையில குடுத்தா, ஆட்டு ஈரலு வறுத்துக் குடுத்தா, நெலக்கடலைய அவிச்சுக் குடுத்தா. பெத்தவ வஞ்சகம் இல்லாம ஊட்ட ஊட்ட, ஒருநாள் காலையிலதான் நிழல் ணங்குன்னு விழுந்துச்சு.

ஒரு வாரத்துக்குள்ள ஊரு அதுக்குப் பழகிருச்சு. பழகினது மட்டுமா, பயன்படுத்தவும் ஆரம்பிச்சுட்டாங்க. வெயில் ஏறினா செம்பு சுடும்ல, அதுல மொத மொதல்ல வடகத்தக் காயப்போட்டவ வள்ளிமயில்தான். ரெண்டு நாளு காயற வடகம் அதுல ஒரு பொழுதுல மொறுமொறுன்னு எந்திரிச்சுச்சு. அதப் பாத்து அடுத்த வீட்டுக்காரி மோர் மொளகாய எடுத்துட்டு வந்தா, அதுக்கடுத்தவ கொத்தவரங்கா வத்தல எடுத்துட்டு வந்தா. தலை யாருக்கு, நெஞ்சு யாருக்கு, வலது கை யாருக்குன்னு அவங்களுக்குள்ளயே பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. மைக்குத் தொழில் போய்ச் சும்மா கெடந்த சொரிமுத்து, காலையில கெழக்க முதுகக் காட்டியும் சாயங்காலம் மேற்க முதுகக் காட்டியும் நின்னான்.

"சொரிமுத்து தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கமாச் சாஞ்சு நில்லேன். இடுப்புல இருக்க மொளகாய்க்கு வெயில் படல."

சாஞ்சு நிப்பான்.

"ஆடாம நில்லுடே, வடகம் உருளுது. ஏட்டி, கை எப்பிடி ஆடுது பாத்தியா? இன்னும் விடல இவன்."

கோயில் நிர்வாகி வந்து பாத்தாரு, வடகம் இல்லாத எடத்துல தட்டிப் பாத்தாரு, சத்தம் சுத்தமாத்தான் இருக்கு, ஆனா குடிகாரன் செம்பு சாமிக்கு ஆகாதுன்னுட்டுப் போயிட்டாரு. மழைக்காலத்துல நிழல்ல களிம்பேறிப் பச்சை புடிச்சப்போ, வத்தல்ல ஒட்டிக்குமேன்னு பயந்து பொம்பளைங்க புளியும் சாம்பலும் கொண்டு வந்து கூடி உக்காந்து வெளக்கினாங்க. மாமியா கதை, மருமக கதை, மகனுக்குப் பொண்ணு பாக்குற கதை எல்லாம் அவன் நெஞ்சுமேல உக்காந்துதான் பேசினாங்க. அவங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. தெருவே அவன் காலடியில கெடந்துச்சு, ஆனா ஒருத்தரும் தலைய நிமித்தி அவன் மூஞ்சியப் பாக்கல. குடிகாரன் கண்ணப் பாத்தா காசு கேப்பான், இல்ல அழுவான், எதுக்கு வம்புன்னு தரையப் பாத்தே பழகிட்டாங்க. பொழுதடைஞ்சா அவங்கவங்க தட்ட அள்ளிட்டுப் போயிருவாங்க. நிழல் நீண்டு நீண்டு, எதுத்த வீட்டுச் செவுத்துல ஏறி, மெதுவா எளைச்சு இல்லாமப் போறவரைக்கும் அவன் ஒத்தையில நிப்பான். அப்புறம் சத்தமில்லாம வீட்டுக்குள்ள போவான். சத்தமில்லாமப் போறதுக்கு அந்த ஒரு நேரந்தான் வாய்க்கும்.

வீட்டுல மட்டும் ஒருத்தி அவங்கூடப் பேசுவா. தங்கச்சி முப்புடாதி. சேலைக்கு ஓரம் தைக்கிறவ, வாய்த்துடுக்கு.

"அண்ணே, கல்யாணத்துக்கு மேளம் வேண்டாம்னு மாமாட்டச் சொல்லிட்டேன். நீ மண்டபத்துல நாலு தடவை நடந்தாப் போதும்."

அவளுக்கும் தாய்மாமன் மகன் தளவாய்க்கும் பூ வச்சு நிச்சயம் பண்ணியாச்சு. அந்தக் குடும்பத்துல அதுதான் வழக்கம், ஆவுடையம்மாளையும் அவ அத்தை மகனுக்குத்தான் குடுத்தாங்க. பொண்ணு வெளிய போகக் கூடாது, நெலம் வெளிய போகக் கூடாது, வேற எது உள்ளயே சுத்துதுன்னு யாருக்குத் தெரியும்?

பங்குனியில பள்ளிக்கூடத்துல இலவசக் கண்ணு முகாம் போட்டாங்க. வெளியூர் ஆஸ்பத்திரிக்காரங்க. கூட்டம் சேரலன்னு செபஸ்தியான்தான் சொரிமுத்த இழுத்துட்டுப் போனான்.

"வாடே மாப்ள, நீ பேச வேண்டாம், சும்மா நட. சத்தத்துக்கே கூட்டம் வந்துரும்."

வந்துச்சு. வராண்டாவுல நிழல் கரகரன்னு ஏறினதும் வரிசையில நின்னவங்க வழிவிட்டுத் தரையப் பாத்தாங்க. உள்ள இருந்த கண்ணு டாக்டரம்மா, சின்ன வயசுக்காரி, பேரு யாழினி. தரையில கெடந்ததப் பாத்துட்டு, "கொஞ்சம் மடக்கி வச்சுக்கோங்க, ஆளுங்க தடுக்கி விழுவாங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு, அவன் தாடைய ஒரு மிசின்ல வைக்கச் சொல்லி, வெளக்கப் போட்டு அவன் கண்ணுக்குள்ள பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தா. வலது கண்ணு. எடது கண்ணு. திரும்ப வலது.

சொரிமுத்துக்கு ஒடம்பு கூசுச்சு. ஒரு மனுசப் பொறப்பு தன் கண்ணுக்குள்ள இவ்வளவு நேரம் பாத்து எவ்வளவு காலமாச்சுன்னு நெனச்சான். மிசினுக்குள்ள இருந்த கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு.

"கண்ண மூடாதீங்க. குடிப்பீங்களா?"

"இல்ழ."

"சரி"ன்னா அந்த டாக்டரம்மா.

சொரிமுத்து அடுத்த கேள்விக்குக் காத்திருந்தான். வரல. சரின்னு சொன்னா சரிதான் போலன்னு புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் புடிச்சுச்சு.

அவ பொறுமையாச் சொன்னா. நாம திங்கிற சோத்துலயே துளியூண்டு செம்பு இருக்கு, எல்லாருக்கும் ஒடம்புக்குள்ள போகுது, மிச்சத்த ஈரல் வெளிய தள்ளிரும். சில பேருக்குப் பொறக்கும்போதே அந்தக் கதவு அடைச்சிருக்கும். உள்ள போனது உள்ளயே தங்கும், மொதல்ல ஈரல்ல, அப்புறம் மூளையில, அதான் நாக்கு தடிக்குது, கை ஆடுது. கண்ணோட கருவிழி ஓரத்துல மோதிரம் மாதிரி ஒரு வளையமா நிக்கும், உங்களுக்கு நிக்குது. முப்பதாயிரத்துல ஒருத்தருக்கு வர்றது, அதனால யாருக்கும் சட்டுன்னு நெனப்பு வராது, குடின்னுருவாங்க, பைத்தியம்னுருவாங்க. ரத்தமும் மூத்திரமும் எடுத்துப் பாத்து உறுதி பண்ணணும். மாத்திரை இருக்கு, ஆயுசுக்கும் விடாம சாப்பிடணும்.

"அப்ப இந்த நெழலு?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் கண்ணு டாக்டர்."

எழுதிக்கிட்டே கேட்டா. "அம்மாவும் அப்பாவும் சொந்தமா? ஏன் கேக்குறேன்னா, ரெண்டு பேருகிட்டயும் இருந்து வந்தாத்தான் இது புள்ளைக்கு நோயாகும். கூடப் பொறந்தவங்க?"

"அண்ணன் ஒழுத்தன். செத்துழ்ட்டான்."

"எப்படி?"

"குழிச்சு..."ன்னு ஆரம்பிச்ச சொரிமுத்து அப்பிடியே நின்னான். மடக்கி வச்ச நிழல் காலடியில தானா ஒரு தடவ அதிர்ந்துச்சு. "அப்பிழித்தான் சொன்னாங்க"ன்னான்.

டாக்டரம்மா பேனாவ வச்சா. "வேற யாரு?"

"தங்கச்சி."

"அவங்கள எங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. இன்னும் ஒண்ணும் தெரியாம இருக்கும்போதே வந்துட்டா, ஒண்ணும் ஆகாமயே தடுத்துறலாம்."

வீட்டுக்கு ஓடினான். ஓடினா அந்தச் சத்தம் ஊருக்கே கேக்கும், கேட்டுச்சு. அவன் போய் மூச்சு வாங்க நின்ன நேரம், தளவாய் அப்பா, மாமன் கோமதிநாயகம் கல்யாணப் பேச்சுக்கு வந்து நடுவீட்டுல உக்காந்திருந்தாரு. சொரிமுத்து குழறிக் குழறிச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அவரு துண்ட உதறி எந்திரிச்சாரு.

"ஏல, பூ வச்ச புள்ளைய ரத்தம் எடுக்கக் கூட்டிட்டுப் போனா ஊரு என்னல பேசும்? என்ன நோயின்னு கேக்கும். உன் குடிக்கு ஒரு பேரு கெடச்சிருச்சுன்னு அந்தச் சேத்த எம் மருமவ மேல ஏம்ல பூசுத?"

"மாமா, அவளுக்கும் இருழ்தா..."

"வாய மூடு. ஆவுட, மகன அடக்கி வையி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் எந்தக் கண்ணயும் பாத்துக்கிடலாம்."

ஆவுடையம்மா மகனப் பாக்கல, தரையப் பாத்தா. "மாமா சொல்லுத மாரியே இருக்கட்டும்ல. அவ வாழ்க்கையக் கெடுத்துராத. ஒனக்குக் கும்புடு போடுதேன்."

சொரிமுத்து பின்கட்டு அறைக்குப் போனான். சன்னல் வெளிச்சத்துல முப்புடாதி உக்காந்து ஊசியில நூல் கோக்குறா. நூலு நுனிய நாக்குல வச்சு நனைச்சா, ஊசிக்கண்ணுக்கு நேரா நீட்டினா, தப்புச்சு. மறுபடி நீட்டினா, தப்புச்சு. "இந்த நூலுக்கு என்ன கேடு வந்துச்சு"ன்னு அலுத்துக்கிட்டுக் கைய ஒதறினா. அவ கால்மாட்டுல கெடந்த நிழலு, கொலுசே போடாத கால்கிட்ட, சிணுக்குன்னு ஒரு சத்தம் போட்டுச்சு. சின்னக் காசு ஒண்ணு கல்லுல பட்ட மாதிரி. அவ கவனிக்கல. ஒரு வீட்டுல ஒரு பெரிய சத்தம் இருந்தா சின்னச் சத்தத்த யாரு கேப்பா? ஆனா அந்தப் பெரிய சத்தத்துக்குச் சொந்தக்காரன் கேட்டான்.

கேட்டவன் நேரா அடுப்பங்கரைக்குப் போனான், ஜாடியிலேர்ந்து ஒரு உருண்டைப் புளிய எடுத்தான், திரும்பி வந்து செவுத்துல மாட்டியிருந்த காலண்டரக் கழத்திக் கீழ வச்சான். பச்சைக் கறை முழுசாத் தெரிஞ்சுச்சு. புளிய நனைச்சு அந்தக் கறையில வச்சுத் தேச்சான். கை ஆடுச்சு, ஆடின கையோடயே தேச்சான். சுண்ணாம்பு உதிர்ந்துச்சு, பச்சை வழிஞ்சுச்சு, அதுக்கடியில செவப்பா, பளபளன்னு, ஒரு தோளு வந்துச்சு.

வாசல்ல ஆவுடையம்மா வந்து நின்னா. அவளுக்குப் பின்னால கோமதிநாயகம்.

அவ உள்ள வந்து மகன் கையிலேர்ந்து புளிய வாங்கினா. அவளே தேச்சா. பின்மண்டையத் தேச்சா, கழுத்தத் தேச்சா, முதுகத் தேச்சா, மடக்கின முழங்காலு வரைக்கும் ஒரு எடம் விடாம வெளக்கினா. செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்த ஒரு மனுசனோட முழு நிழலு, எட்டு வருசமா அங்கயே படுத்திருந்தது, அந்த அறையில வெளக்கு ஏத்தினாப்புல மின்னுச்சு.

"தண்ணி தாம்மா, தண்ணி தாம்மான்னு கேட்டாம்ல"ன்னா ஆவுடையம்மா. "செப்புக் கொடத்துலதான் மோந்து மோந்து குடுத்தேன்."

புளித்தண்ணி அவ முழங்கை வழியாச் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அவ முந்தியில கையத் தொடைச்சா, மகள எழுப்பி நிறுத்துனா, அவ தாடையப் புடிச்சு வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ண உத்துப் பாத்தா.

"கெளம்புட்டி. அடுத்த பஸ்ஸு எப்ப?"

"ஆவுட!"ன்னாரு கோமதிநாயகம்.

"பூவத் திருப்பி எடுத்துக்கிடுண்ணே. ரெண்டாவது தடவையும் நான் காலண்டர் மாட்ட மாட்டேன்."

ஆஸ்பத்திரியில பாத்தாங்க, முப்புடாதிக்கும் அந்த நோயி இருந்துச்சு. ஆரம்பந்தான், சரியான நேரத்துல வந்தீங்கன்னாங்க. கல்யாணம் நின்னுச்சு. தெருவு துக்கம் விசாரிக்க வந்தப்போ அவ மாத்திரைய முழுங்கிட்டே, "தளவாய்க்கு என் சாம்பாரே புடிக்காது, இந்த மாத்திரைய எங்க புடிக்கப் போகுது"ன்னு சொல்லிச் சிரிச்சா. ஆளுங்க போனப்புறம் கதவச் சாத்திக்கிட்டு அழுதா, அதயும் சொரிமுத்துதான் கேட்டான். செப்புக் குடம் பரணுக்குப் போச்சு. செம்பு கூடுதலா இருக்கிற ஈரலு, கடலையெல்லாம் வீட்டுக்குள்ள வர்றதில்ல.

மாசம் போகப்போக அவன் நிழலு தேஞ்சுச்சு. மொதல்ல தகடு பேப்பராச்சு, சத்தம் கொறஞ்சுச்சு, அப்புறம் சருகாட்டம் சரசரன்னுச்சு, ஒரு நாளு எல்லாரு நிழலயும் போலக் கறுப்பா, பேசாம, தரையோட தரையாக் கெடந்துச்சு. ஊருக்கு அது புடிக்கல.

"போன வருசம் வந்த வடகம் மாதிரி இந்த வருசம் வரலியே"ன்னு வள்ளிமயில் வருத்தப்பட்டா. குடிகாரன்னு ஒதுங்கினவங்க இப்ப நோய்க்காரன்னு ஒதுங்கினாங்க. ஒட்டிக்குமோன்னு பயம். பொறக்கும்போது வர்றது, தொட்டா வராதுன்னு சொன்னா, அதெப்பிடிடே செம்பு உள்ள போச்சுன்னு கேட்டாங்க, பதிலுக்கு நிக்கல. முன்னால வடகம் காயப்போடவாவது அவன் பக்கத்துல வந்தாங்க. இப்ப அவன் நிழலச் சுத்திப் போனாங்க.

நாக்கு முழுசாத் திரும்பல. முக்காவாசி வந்துச்சு. அதுபோதும்னு ஒருநாள் காலையில செபஸ்தியான் ஆட்டோவுல ஏறி மைக்க எடுத்தான்.

"யாருடே மாப்ள, யாரு போனது?"ன்னான் செபஸ்தியான், அவன் குரல எறக்கிச் செருமுறதப் பாத்துட்டு.

"ஓட்டு, சொல்லுதேன்."

ஆட்டோ மெதுவாப் போச்சு. பழைய படிக்கு எறங்கின அந்தக் குரல், அங்கங்க தடுக்கி, தெருத்தெருவா நடந்துச்சு.

"பாலத்தடி மேலத் தெரு, ஆவுடையம்மா மூத்த மகன், மந்திரமூர்த்தி அவர்கள், ஒம்பது வருசத்துக்கு முன்னால காலமாயிட்டாங்க. அவங்க குடிச்சதில்லங்கிறத ஊர்ப் பொதுமக்களுக்கு ஆழ்ந்த வருத்தத்தோட தெரிவிச்சுக்கிறோம். அவங்க சொன்னது நெசம். அவங்க குடிச்சதில்ல."

மார்க்கெட்டு முக்குல டாக்டரு வீட்டுக் கதவு தொறந்துச்சு, திரும்பச் சாத்திக்கிச்சு. கோயில் நிர்வாகி கைக்கடியாரத்தப் பாத்தாரு. குழாயடியில பேச்சு நின்னுச்சு, தண்ணி மட்டும் குடத்துல ரொம்பி வழிஞ்சுச்சு. கடைசித் தெருவு முடிஞ்சு ஆட்டோ அவன் வீட்டு முன்னால வந்து நின்னப்போ, வள்ளிமயில் தட்டு நெறைய வடகத்தோட எதுத்தாப்புல நின்னா. அவ காலு பழக்கத்துல அவன் நிழலுக்குத்தான் வந்துச்சு. கறுப்பா ஆறிக்கெடந்தத ஒரு தடவ பாத்தா. வேற பாக்குறதுக்கு ஒண்ணும் இல்லாததால, தலைய நிமித்தினா.

"ஏந் தம்பி"ன்னா, தட்ட இறுக்கிப் புடிச்சுக்கிட்டு. "ஒங்கண்ணுல என்ன அது, பச்சையா, வளையமாட்டம்? எப்பலேர்ந்து இருக்கு?"

சொரிமுத்து மைக்க அணைச்சான்.

"நீங்க வடகம் காயப்போட்டீங்கள்லக்கா," அப்பிடின்னான், "அன்னைக்கும் இருந்துச்சு."